சேர்வராயன் மலை மண்ணும் தரங்கம்பாடிக் கரையும்

வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் தொலைக்காட்சிச் செய்திகளில் கடல் அரிப்பு தவறாமல் இடம்பெறுகிறது. சாய்ந்து கிடக்கும் தென்னை, பாதி சுவர் போன மீனவர் வீடு, கல் கொட்டும் லாரி ஆகியவற்றை இரண்டு நிமிடம் காட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். சேலத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கு அது எங்கோ தூரத்தில் நடக்கும் துயரம். எனக்கு அப்படி இல்லை. நான் பிறந்து வளர்ந்தது தரங்கம்பாடி. வாழ்க்கைப்பட்டு வந்தது சேலம். இங்கே மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். இரண்டு ஊர்களையும் தெரிந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: கடற்கரை கடலில் தொடங்குவதில்லை, மலையில் தொடங்குகிறது. ஆகையால் கடல் அரிப்பு என்பது சேலத்துக்காரர்களும் பேச வேண்டிய செய்தியே.

சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய, கருநீலம் கலந்த கடினப் பாறையால் ஆனது. மழையும் வெயிலும் வேர்களும் அதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைத்து வருகின்றன. கனமழை பெய்த மறுநாள் காலையில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறிப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் உட்புறக் கால்வாயில் செம்மண் குழம்பு வடிந்து போயிருக்கும்; அதன் அடியில் பருமணல் தங்கியிருக்கும். விரலால் கிளறினால் வெள்ளையாகவும் மங்கிய கண்ணாடி போலவும் தெரிபவை குவார்ட்ஸ் துகள்கள். இடையிடையே வெளிறிய இளஞ்சிவப்பில் ஃபெல்ட்ஸ்பார் தென்படும். இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சரபங்கா நதியும் இதே மலையிலிருந்து இறங்கி, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரியை அடைகிறது. கிழக்குப் பக்கத்தில் ஆத்தூர் வழியே ஓடும் வசிஷ்ட நதி வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. ஆக, சேலம் மாவட்டத்து மணல் கடலுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. இன்று திருமணிமுத்தாற்றைப் பார்ப்பவர்களுக்குச் சாக்கடையும் சாயக் கழிவும்தான் கண்ணில் படும். அது மணல் சுமந்து ஓடிய ஆறு என்பதை மாணவர்களுக்கு நம்பவைப்பதே எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

அதற்காக வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து காட்டுவதுண்டு. கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில் மழைக்குப் பிறகு மணலின் மேல் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். அதில் ஒரு கைப்பிடியும், தரங்கம்பாடிக் கரையில் அலை வடிந்த இடத்தில் கிடைக்கும் கறுப்பு மணலில் ஒரு கைப்பிடியும் எடுத்து, இரண்டு வெள்ளைத் தாள்களில் தனித்தனியாகப் பரப்பி, தாளின் அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துவோம். இரண்டிலும் கறுப்புத் துகள்கள் சட்டென்று நிமிர்ந்து, மயிர்க்கால் போலக் கூட்டமாக நகரும். அவை மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. காந்தத்துக்கு அசையாமல் தாளிலேயே தங்கிவிடும் செந்நிறத் துகள்கள் கார்னெட். அவை கடற்கரை மணலில் இன்னும் தெளிவாகத் தெரியும். நம் உள்நாட்டு மலைகளின் சார்னோக்கைட்டும் நைஸ் என்னும் உருமாறிய பாறையும் சிதைந்து, ஆறுகளின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பயணம் செய்து, கடைசியில் அலையால் சலிக்கப்பட்டுக் கரையில் கோடாகப் படிந்தவையே இந்தக் கனிமங்கள். பிள்ளைகள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்போ கடற்கரை நம்ம ஊர் மண்ணா டீச்சர்?" என்று கேட்பார்கள். முழுவதும் அல்ல, ஆனால் அதில் நம் பங்கும் இருக்கிறது.

அந்தப் பங்கு இப்போது போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தின் பெருமை, டெல்டாவின் உயிர்நாடி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்த நீர்த்தேக்கத்துக்குள் நுழையும் ஆறு வேகம் இழக்கிறது. வேகம் இழந்த ஆறு மணலைக் கீழே போட்டுவிடுகிறது. பருமணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலேயே தங்கிவிட, மென்மையான வண்டல் உள்ளே வந்து படிகிறது. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது பண்ணவாடிப் பகுதியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரங்களும் வெளியே தெரிவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அப்போது காலடியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வண்டலை யாரும் படம் எடுப்பதில்லை. அணை இல்லாதிருந்தால் அதில் ஒரு பகுதி டெல்டா வயல்களிலும் முகத்துவாரங்களிலும் சேர்ந்திருக்கும். மேட்டூருக்கு மேலே கர்நாடகத்திலும் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி என அணைகள் வரிசையாக நிற்கின்றன.

திருமணிமுத்தாறும் சரபங்காவும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன என்பதால், அவற்றின் மணலை அந்த அணை பிடித்துவைப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தடுப்பணைகளும் கதவணைகளும் பிடிக்கின்றன. மாயனூர், முக்கொம்பு, கல்லணை என்று வரிசை நீள்கிறது. இவற்றைத் தாண்டி வந்த மணலையும் மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. நாமக்கல், கரூர், திருச்சி மாவட்டங்களின் காவிரிப் படுகையிலும் அதற்குக் கீழே கொள்ளிடத்திலும் பல பத்தாண்டுகளாக அள்ளப்பட்ட மணல், சேலம் உட்பட எல்லா நகரங்களிலும் சுவராகவும் தளமாகவும் நிற்கிறது. நாங்கள் வீடு கட்டியபோதும் ஆற்று மணல்தான் வேண்டும் என்று கொத்தனார் வற்புறுத்தினார். இப்போது பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பரவலாகிவிட்டது ஆறுதல்தான். அதற்கு வேறு மலைகள் உடைபடுகின்றன என்பது தனியாகப் பேச வேண்டியது. பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அது ஒரு வாய்க்கால் அளவே இருக்கிறது. பெருவெள்ளம் எல்லாம் கொள்ளிடத்தின் வழியே பழையாறு பக்கம் போய்விடுகிறது. டெல்டாவின் களிமண் தன் எடையாலேயே மெல்ல அமுங்கும் இயல்புடையது. மேலே புதிய வண்டல் வந்து படிந்தால்தான் நிலத்தின் உயரம் குறையாமல் இருக்கும்.

இனி கரைக்கு வருவோம். கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. அலை கரையை நேராக மோதாமல் சாய்வாக மோதும்போது, மணலை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. நம் கிழக்குக் கரையில் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தென்காற்றின் அலைகள் மணலை வடக்கு நோக்கிக் கொண்டுபோகின்றன. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அது தெற்கு நோக்கித் திரும்புகிறது. சென்னை, புதுச்சேரிப் பகுதிகளில் வடக்கு நோக்கிய ஓட்டம்தான் நிகரமாக மிஞ்சுகிறது. ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் இப்படிக் கரையை ஒட்டி நகர்கிறது. எனவே கரையின் எந்த ஓர் இடத்துக்கும் மணல் வரவு செலவு உண்டு. தெற்கிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வருவது வரவு, வடக்கே போவது செலவு. வரவு நின்று செலவு தொடர்ந்தால் கரை பின்வாங்கும். கடல் சீறினாலும் சீறாவிட்டாலும் அது நடக்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். வாடைக் காலப் பெரிய அலைகள் கரையை அறுத்து, மணலைச் சற்று உள்ளே கடலடியில் திட்டாகச் சேர்த்துவைக்கும். கோடையின் சாதுவான அலைகள் அதையே மீண்டும் கரைக்குக் கொண்டுவந்து போடும். ஜனவரியில் பார்த்தவர் கடற்கரையே இல்லை என்பார். மே மாதத்தில் பார்த்தவர் எவ்வளவு அகலம் என்று வியப்பார். இருவரும் கண்டது பருவ மாற்றம். கரையின் நீண்டகாலப் போக்கு வேறு. அதைக் கண்டறிய ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுத்த அளவுகளைப் பல பத்தாண்டுகளுக்கு ஒப்பிட வேண்டும். அதிலும் எந்தக் கோட்டைக் கரை என்று கொள்வது என்ற சிக்கல் இருக்கிறது. கரை முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் சரிந்தால், ஒரே நாளில் ஓதம் ஒரு மீட்டர் ஏறி இறங்குவது நீர்விளிம்பை முப்பது மீட்டர் நகர்த்திவிடும். அதனால் ஆய்வாளர்கள் நீர்விளிம்பை நம்பாமல், உயர் ஓதக் கோட்டையோ, அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தொடங்கும் தாவர விளிம்பையோ அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய நில அளவை வரைபடங்களோடு, 1972 முதல் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இதற்கு உதவுகின்றன. தொடக்கக் காலப் படங்களில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர், 1980-களில் அது 30 மீட்டர் என்பதால், சிறிய மாற்றங்களை அவற்றில் காண முடியாது. நீண்ட காலப் பெரிய நகர்வு மட்டும் தெளிவாகத் தெரியும்.

நீண்ட கால மாற்றத்தைக் காட்டச் சென்னையை விடச் சிறந்த பாடம் இல்லை. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மிக அருகில் அலை அடித்தது. 1876-இல் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கி, கடலுக்குள் கல் கைகளை நீட்டினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணல் தெற்குக் கையில் முட்டி நின்று, ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, இன்று நாம் பார்க்கும் அகன்ற மெரினா ஆனது. 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்தார். சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் எவரும் மெரினாவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அது இயற்கையின் கொடை என்றே எண்ணுகிறோம். அந்த மணல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் துறைமுகத்துக்கு வடக்கே இருந்த ராயபுரமும் அதற்கு அப்பால் உள்ள குப்பங்களும். அங்கே தலைமுறைகளாகக் கரை உள்வாங்கி, தெருக்கள் போய், கல் கொட்டிக் கொட்டிக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. மெரினாவின் அகலமும் ராயபுரத்தின் இழப்பும் ஒரே மணல்தான். இதைப் பாடநூல்களில் ஒரு பத்தியாவது சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த அனுபவம் கைவசம் இருந்தும், நூறாண்டுக்குப் பிறகு புதுச்சேரியில் அதே கதை நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியாக வடக்கே தள்ளும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது வேண்டிய அளவில் தொடர்ந்து நடக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே நகரத்தின் முன்னிருந்த மணற்கரை காணாமல் போய்க் கருங்கல் சுவர் வந்தது. சுவர் நகரத்தைக் காத்தது. அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வோர் ஊராகக் கரை இழந்தது. 2018-இல் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்த பின் அங்கே மணல் மீண்டும் சேர்ந்தது. சரியாகத் திட்டமிட்டால் கரையை மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த மணல் அடுத்த ஊருக்குப் போகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீனவர் ஊர்களில் அரிப்பு என்றதும் எழும் கோரிக்கை, "தூண்டில் வளைவு அமைத்துத் தாருங்கள்" என்பதுதான். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் வரிசைக்கு அந்தப் பெயர். அதன் தென்புறத்தில் மணல் சேரும், வடபுறத்தில் குறையும். ஒரு கிராமத்துக்குக் கிடைத்தால் அடுத்த கிராமத்துக்கும் வேண்டும். இப்படியே கரை முழுதும் கல்லாகிறது. கோரிக்கை வைப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டு வாசலுக்கு அலை வந்துவிட்டவரிடம் ஐம்பது கிலோமீட்டர் கரையைச் சேர்த்து யோசியுங்கள் என்று எப்படிச் சொல்வது? சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவின் நண்பரான ஒரு வயதான மீனவர் இதைப் பற்றி என்னிடம் பேசினார். "கல்லு போட்டா வீடு நிக்கும்மா, நான் இல்லங்கல. ஆனா கரவல எங்க இழுக்கிறது? போட்ட எங்க ஏத்துறது? எங்களுக்கு வேண்டியது மணலு" என்றார். கரைவலை இழுக்க நாற்பது ஐம்பது பேர் வரிசையாக நின்று பின்னோக்கி நடக்க அகலமான மணற்பரப்பு தேவை. கல் சுவரின் அடியில் அலை மோதித் திரும்பும்போது முன்னால் இருக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போய்விடுவதால், சுவர் நிற்கும் இடத்தில் அந்தத் தொழிலே நின்றுவிடுகிறது. பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

தரங்கம்பாடியிலேயே இதன் நெடிய வரலாற்றைக் காணலாம். 1620-இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டைக்கு வடக்கே, கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதன் முன்பகுதி எப்போதோ அலையில் போய்விட்டது. என் பாட்டி, தம் சிறு வயதில் கோயிலுக்கு முன்னால் இன்னும் நிறைய நிலம் இருந்தது என்று சொல்வார். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் அலையின் வாயில் கட்டியிருக்க மாட்டார்கள். அணைகளும் துறைமுகங்களும் வருவதற்கு முன்பே கரை நகர்ந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. எல்லா அரிப்புக்கும் மனிதனே காரணம் என்று நான் சொல்லவில்லை. இயல்பாகவே நகரும் கரைக்கு வர வேண்டிய மணலை நாம் நிறுத்தியிருக்கிறோம் என்றே சொல்கிறேன்.

தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, இந்தியப் பெருநிலக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிக்கப்படுகிறது, 26.9 விழுக்காட்டில் மணல் சேருகிறது. மீதி நிலையாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிக்கப்படும் பங்கு 42.7 விழுக்காடு, புதுச்சேரியில் 56.2 விழுக்காடு. கடல் மட்ட உயர்வைத்தான் பலரும் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2015 வரை மட்டம் ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. அதாவது அந்தக் காலம் முழுதும் சேர்த்து ஏழு சென்டிமீட்டர். முன்பு சொன்ன சரிவுக் கணக்கில் இது இரண்டு மீட்டர் பின்வாங்கலுக்குச் சமம். கரை தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது இழக்கும் மணலையும் சேர்த்தால் இரண்டு மூன்று மடங்காகலாம். துறைமுகச் சுவருக்கு வடக்கே உள்ள ஊர் சில ஆண்டுகளிலேயே இதைவிட அதிகம் இழந்துவிடுகிறது. கடல் மட்ட உயர்வு வருங்காலத்தில் வேகம் கூடும் பேராபத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்றைய இழப்பை எல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டு, நம் கையால் நடந்ததைப் பேசாமல் இருப்பது சரியல்ல.

மணலை மணலாகவே திருப்பித் தரும் வழிகள் உலகில் நடைமுறையில் உள்ளன. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் ஒரு பக்கத்து மணலை நிரந்தரப் பம்புகள் மறுபக்கத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நெதர்லாந்தில் 2011-இல் ஒரே இடத்தில் சுமார் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டி, அலைகளே அதைக் கரை நெடுகப் பரப்பும்படி விட்டார்கள். நமக்கு அவ்வளவு பெரிய பணம் இல்லை என்பார்கள். கல் கொட்டவும் ஆண்டுதோறும் பணம் செலவாகத்தான் செய்கிறது. கொட்டிய கல் அமிழ்ந்துபோய் மீண்டும் கொட்டப்படுகிறது. மணற்குன்றுகளை விட்டுவைப்பதற்கோ செலவே இல்லை. ஆனால் 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2019-இல் மாற்றப்பட்டபோது, மக்கள் அடர்ந்த ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதி உயர் ஓதக் கோட்டிலிருந்து வெறும் 50 மீட்டராகக் குறைந்தது. மீனவர் கரையருகே குடியிருக்க வேண்டியது தொழிலின் கட்டாயம். விடுதிகளுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

துறைமுகம் கட்ட வேண்டாம் என்று மீனவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை, நியாயமும் இல்லை. படகைப் பாதுகாப்பாக நிறுத்த அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் முகத்துவாரத்தில் தூர்வாரி எடுக்கும் மணலை விற்கவோ ஆழ்கடலில் கொட்டவோ கூடாது. வடபக்கத்துக் கரையிலேயே போட வேண்டும் என்பது ஒவ்வோர் அனுமதியிலும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். எவ்வளவு எடுக்கப்பட்டது, எங்கே போடப்பட்டது என்ற கணக்கு ஆண்டுதோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் வேலைவாய்ப்பும் இழப்பீடும் பேசப்படும்போது, "வடக்கே இருக்கும் ஊருக்கு மணல் எப்படிப் போகும்?" என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். காவிரிக் கரையில் மணல் குவாரிக்கும், சேலம் மாவட்டத்து ஓடைகளில் புதிய தடுப்பணைக்கும் திட்டம் வரும்போது அதே கேள்வியைக் கீழே இருக்கும் கரைக்காக இங்கேயும் கேட்கலாம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.